நம்பாமல் எழுதிய பாட்டு

என் வீட்டுக்காரர் நம்பிக்கை இல்லாதிருந்த காலத்தில் அருமையான ஞானப்பாட்டுகள் எழுதினார். நம்பிக்கை வந்த பிறகு எழுதியது ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. இதைச் சொன்னால் எங்கள் கிறிஸ்தவ சபையில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும், நடந்ததைத்தானே சொல்கிறேன்.

அவருக்குத் தொழில் தையல் மிஷின் ரிப்பேர். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் நான் காலர் பிரிவில் இருந்தேன், அவர் அங்கே மெக்கானிக். என் மிஷின் ஓயாமல் நூலை அறுத்துக்கொண்டிருந்தது. வருவார், பார்ப்பார், போவார், மறுபடியும் அறுக்கும். "இந்த மிஷினுக்கு என்னதாங்க வியாதி?" என்று ஒருநாள் கடுப்பில் கேட்டேன். "மிஷினுக்கு ஒண்ணுமில்ல. மெக்கானிக்குக்குத்தான்," என்றார். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

சொல்லுக்குச் சொல் கோப்பது அவருக்குப் பிறவியிலேயே வந்த கோளாறு. கல்யாண வாழ்த்து, கடைத் திறப்புக்கு நாலு வரி, செத்துப்போனவருக்கு இரங்கல் பாட்டு, எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். "எந்த மெட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, சாயந்தரம் வந்து வாங்கிக்கங்க," என்பார், ஏதோ பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தருகிற மாதிரி.

போதகர் வீட்டு மிஷினைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஞானப்பாட்டு ஆரம்பித்தது. எங்கள் சபை ரொம்பச் சின்னது. டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு ஹால், நாற்பது ஐம்பது நாற்காலி, அவ்வளவுதான். பாட்டெல்லாம் வேறு பாஷையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தது. மெட்டு ஒரு பக்கம் ஓடும், வார்த்தை ஒரு பக்கம் இழுக்கும், ஜனங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு முனகுவார்கள். போதகரம்மாவின் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இவர் அப்படி ஒரு பாட்டைக் கேட்டிருக்கிறார். "இதை நல்லா பாடற மாதிரி எழுதலாமே," என்றாராம். போதகர் விடுவாரா, அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

எங்கள் சபைக் கொள்கை கேட்பதற்குக் கொஞ்சம் கறாராக இருக்கும். நீ கடவுளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தார், அதுவும் உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே. நீ நல்லவன் என்பதால் இல்லை, அழுதாய் தொழுதாய் என்பதால் இல்லை, அவருடைய கிருபை, அவ்வளவுதான். இந்தக் கொள்கையைப் போதகர் விளக்குவார், இவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு கேட்பார்.

"கேட்டதுக்குக் குடுக்கறது கிருபையா, கேக்காமயே குடுக்கறதா?"

"கேக்காமயே."

"அப்ப 'கேட்டேன் தந்தீர்'னு எழுதினா தப்பு. சரி, மாத்திடறேன்."

எழுதிய பாட்டு எதுவானாலும் சபையை மேற்பார்க்கிற மூப்பர்களில் மூத்தவரிடம் போய்த்தான் சபைக்கு வரும். அவர் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆணியையும் நிறுப்பார், அடுத்தவர் வாயிலிருந்து விழுகிற சொல்லையும் நிறுப்பார், அதனால் அவருக்குத் தராசு என்று பேர். அவருக்கே அது தெரியும். அந்தத் தராசே இவர் பாட்டில் ஒரு சொல்லைக்கூடத் தள்ளவில்லை. "இந்த ஆள் உள்ள வந்துட்டா எவ்வளவு நல்லாருக்கும்," என்று போதகரிடம் அங்கலாய்த்தாராம்.

இவர் உள்ளே வரவில்லை. "ஐயா, நான் அளவு குடுத்தா தைக்கிறவன். அந்தச் சட்டை எனக்குச் சேராது," என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜனங்கள் எந்த வரியில் மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்ப்பார். அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஆரம்பித்ததும் எழுந்து கீழே போய் டயர் கடைக்காரரோடு டீ குடிப்பார். பொய் வேஷம் மட்டும் போட மாட்டார், அந்த மட்டுக்கும் யோக்கியர். நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் மனுஷி தூங்க முடியும்.

பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரு பகல் இருந்தான், பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். இருதயத்தில் ஓட்டை என்றார்கள், அதற்கு மேல் டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், யார் வந்து பேசினாலும் காதில் ஏறவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஒரு அம்மா சொன்னாள். எழுந்து அறையத் தெம்பில்லாததால் தப்பித்தாள். அப்போது சபைப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். பேசவே இல்லை, தரையில் உட்கார்ந்து பாடினார்கள்.

உம்மைப் பிடிக்க எனக்குக் கையில்லை,
என்னைப் பிடித்த கை தளரவில்லை;
தேடி வரவோ எனக்குக் காலில்லை,
தேடி வந்த நீர் திரும்பவில்லை.

நான் பிடித்துக்கொள்ள வேண்டும், தேற வேண்டும், நம்ப வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையே இல்லை என்று சொன்னது அந்தப் பாட்டு ஒன்றுதான். உனக்குக் கை இல்லாவிட்டால் பரவாயில்லை, பிடிக்கிறவர் வேறொருவர் இருக்கிறார் என்றது. சுவரிலிருந்து திரும்பிப் படுத்தேன். அன்றைக்குத்தான் முதல் முறை அழுதேன், அழுது முடித்துத் தண்ணீர் கேட்டேன். பாட்டு யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். எழுதியவருக்கு அதில் ஒரு வார்த்தைகூட நம்பிக்கை இல்லை என்பதும் தெரியும். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் சபையில் சேருவது லேசில்லை. எல்லார் முன்னாலும் நின்று கடவுள் எப்படி உன்னை இழுத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். மூப்பர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், சபை ஆண்கள் கை தூக்க வேண்டும், அப்புறம்தான் திருவிருந்து. கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது, சாட்சி சொல்லும்போது மட்டும் விதிவிலக்கு. நான் நின்று அந்தப் பாட்டைச் சொன்னேன். எல்லாரும் கை தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அவருக்காக ஜெபம் பண்ணினேன். கல்லில் நார் உரிக்கிற வேலைதான். பாவத்தைப் பற்றி அவரைப் போல யாரும் எழுதினதில்லை, ஆனால் தன்னைப் பாவி என்று அவர் நினைத்ததே இல்லை. குடி கிடையாது, பொய் கிடையாது, அடுத்தவன் பொருளைத் தொட மாட்டார். இப்படிப்பட்ட ஆளைத் திருத்துவது திருடனைத் திருத்துவதைவிடக் கஷ்டம்.

கடைசியில் அவரைக் கவிழ்த்தது ஒரு தம்மாத்துண்டு தகடு. பட்டன் வைக்கிற மிஷினில் விரல் உள்ளே போகாமல் தடுக்க ஊசிக்கு முன்னால் ஒரு தகடு இருக்கும். ரிப்பேருக்காகக் கழட்டியவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். அந்த மிஷினில் வேலை பார்த்தது பட்டன் அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு விதவை. ஊசி அவள் விரலில் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. "கவனமில்லாம ஓட்டினா இப்படித்தான்," என்று முதலாளி அவளையே திட்டினார். பக்கத்தில் நின்றிருந்த இவர் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கே அது அதிர்ச்சி. தன் வாய் எப்படித் திறக்காமல் போனது என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டார். ரெண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டார். "சரி விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு, போய் வேலையப் பாரு," என்றார் முதலாளி. ஒரு திட்டு திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். தண்டிக்க ஆளில்லாமல் மனுஷன் தவித்துப்போனார். கடைசியில் பட்டன் அக்கா வீட்டுக்கே போனார்.

அவள் கட்டுப்போட்ட கையோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். இவர் சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க தகட்டைக் கழட்டி வெச்சத நான் பாத்தேன் தம்பி," என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா மொதலாளிகிட்ட சொல்லல?"

"உங்க வேலை போயிடுமே. நான் அதை அன்னைக்கே விட்டுட்டேன். நீங்க இன்னும் தூக்கிட்டுத் திரியறீங்களா?"

வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழட்டவில்லை. "நான் கேக்கறதுக்கு முன்னாலயே விட்டுட்டாளாம்," என்றார். பிறகு, "இதைத்தான் நான் இத்தனை வருஷமா எழுதிட்டிருந்தேனா?" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். பால் திரியப் போவது அப்போது தெரியவில்லை.

அவர் சாட்சி சொல்கிற நாளன்று ஹால் நிறைந்திருந்தது. தகடு, முதலாளி, பட்டன் அக்கா என்று ஒன்றுவிடாமல் சொன்னார். தராசு ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையைத் தூக்கினார், எல்லாக் கையும் தூக்கியாகிவிட்டது. உட்கார வேண்டியதுதானே? உட்காரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. நான் முன்னால எழுதின பாட்டெல்லாம் நம்பிக்கையில்லாம செத்துக் கிடந்தவன் எழுதினது. அதுல ஒண்ணும் மெய்யில்ல. பாட்டுப் புஸ்தகம் புதுசா அச்சடிக்கப் போறீங்க. அதுல அதெல்லாம் வேண்டாம். குறிப்பா அந்தக் 'கையில்லை' பாட்டு. புதுசா எழுதித் தர்றேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். போதகர் தராசைப் பார்த்தார், தராசு தரையைப் பார்த்தார். மனந்திரும்பாதவன் ஜெபத்தையே கடவுள் ஏற்பதில்லை என்று வசனம் இருக்கும்போது அவன் பாட்டை மட்டும் ஏற்பாரா என்று இவர் கேட்டார். கேள்வியில் ஓட்டை இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கேள்வியில் ஓட்டை இல்லாவிட்டால் போதும், அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். முடிவாகும் வரை பழைய பாட்டுகளைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அப்ப எனக்கு அன்னைக்கு நடந்தது என்ன?"

"அது வேற."

"எது வேற? அந்தப் பாட்டு பொய்யின்னா அதைக் கேட்டு எழுந்து உக்காந்த நான் யாரு?"

"உன்கிட்ட ஆண்டவர் வேற வழியில பேசியிருப்பாரு."

"வேற யாரும் என்கிட்ட பேசலங்க. எனக்குத் தெரியாதா?"

எழுந்து போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மிஷினைப் பிரித்துப்போட்டார்.

நான் பயந்துபோனேன், அதுதான் உண்மை. மகனைப் புதைத்த பிறகு நான் கால் ஊன்றி நின்ற இடம் அந்த நாலு வரி ஒன்றுதான். அது வெறும் கைவேலை என்றால் நான் இத்தனை வருஷமும் காற்றில் நின்றிருக்கிறேன் என்று அர்த்தம். கடவுள் என்னைத் தொடவில்லை, மெட்டுதான் தொட்டது என்று ஆகிவிடும். ராத்திரி புரண்டு படுத்தால் இந்த ஒரே நினைப்புதான்.

இதற்கிடையில் புதுப் பாட்டுகள் வர ஆரம்பித்தன. நான் பாவி, நான் நீசன், நான் தூசி, நான் துரும்பு என்று அடுக்கிக்கொண்டே போகும். ஜனங்கள் நாகரிகத்துக்காக வாயை அசைத்தார்கள். "எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். "இதுல பூராவும் நீங்கதான் இருக்கீங்க. ஆண்டவரைத்தான் காணோம்," என்றேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். நானும் கூப்பிடவில்லை.

யோசித்து யோசித்து ஒருநாள் போதகரிடம் போனேன். "ஐயா, என் பேரை சபையிலேர்ந்து எடுத்துடுங்க. அந்தப் பாட்டு மெய்யில்லன்னா என் சாட்சியும் மெய்யில்ல. சாட்சி இல்லாதவ எப்படித் திருவிருந்துப் பந்தியில உக்கார முடியும்?"

போதகர் திகைத்துவிட்டார். "சாட்சியைத் திரும்ப எடுத்துக்கற வழக்கமே நம்மகிட்ட கிடையாதேம்மா."

"பாட்டைத் திரும்ப எடுத்துக்கற வழக்கம் மட்டும் இருக்கா?"

போதகர் மூப்பர்களைக் கூட்டினார், என்னை மறுபடி விசாரிப்பது என்று முடிவானது. சபையில் இப்போது என் வீட்டுக்காரரும் ஓர் அங்கத்தினர் என்பதையும், ஆண்கள் எல்லாரும் கை தூக்கியாக வேண்டும் என்பதையும் அப்புறம்தான் யோசித்தார்கள். என் சாட்சி மெய்யா பொய்யா என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். தராசு கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு உன்னைத் தூக்கினது பாட்டாம்மா, பாட்டுல சொன்னவரா?"

"பாட்டுல சொன்னவர்."

"பாட்டெழுதினவர் அவரை நம்பலையே."

"ஐயா, எனக்குத் தண்ணி தவிச்சுது. குடிச்சேன், பிழைச்சேன். குழாய் போட்டவர் யோக்கியரான்னு கேட்டுட்டா தண்ணி குடிப்பாங்க?"

பின்னால் யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். தராசு சிரிக்கவில்லை, என் பதிலை நிறுத்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சொந்த சம்சாரம். தம்பி கை தூக்க வேண்டாம்னா விட்டுடலாம்," என்றார்.

"இல்லைங்க, நான் பேசணும்," என்று எழுந்தார். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு இந்த அம்மாங்க பாடறப்ப நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. மூணாவது வரியை இழுத்துப் பாடறாங்க, அங்க ஒரு அசை கூடிப்போச்சு, 'வரவோ'வுக்குப் பதிலா வேற போட்டிருக்கணும்னு நினைச்சுட்டிருந்தேன். என் பிள்ளையைப் புதைச்சுட்டு வந்து நான் அசை எண்ணிட்டிருந்தேங்க. அந்தப் பாட்டை எங்க கேட்டாலும் எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வருது. அதனாலதான் அதை எடுத்துடச் சொன்னேன். வசனம் கிசனமெல்லாம் சும்மா நான் தேடிக்கிட்ட காரணம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் உயிரோடு இருப்பதா வேண்டாமா என்று கிடந்தேன், இந்த மனுஷன் கதவுக்கு அந்தப் பக்கம் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் நாலு கேட்கலாம் என்று இருந்தது. அதே சமயம், இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று அவர்மேல் பரிதாபமும் வந்தது. ரெண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

தராசு கண்ணாடியைக் கழட்டினார். "தம்பி, நீங்க மன்னிப்புக் கேக்கறது பாட்டுக்காகவா, பிள்ளைக்காகவா?"

இவர் வாய் கோணியது. "பிள்ளைக்காக," என்றார்.

"அப்ப பாட்டை விட்டுடுங்க. அது தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. எழுதினவன் லட்சணத்தைப் பாத்துத்தான் கடவுள் ஒருத்தரைத் தொடுவார்னா, அப்புறம் கிருபைன்னு நாம பேசறதெல்லாம் எதுக்கு?" போதகர் வேகமாகத் தலையாட்டினார், முன்னாலேயே தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது மாதிரி.

என் வீட்டுக்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார். "அவ சாட்சி மெய்," என்றார். மற்றவர்கள் பிறகு தூக்கினார்கள். பாட்டு புஸ்தகத்தில் வந்தது, அவர் கேட்டுக்கொண்டபடி அடியில் பெயர் இல்லாமல். புதுப் பாட்டுகளை அவரே கேட்டு வாங்கிக் கிழித்துப்போட்டார், சபைக்கும் நிம்மதி. ஆனால் அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தே வந்தோம். பேசினால் திட்டத்தான் வரும் என்று தெரியும். கடைத்தெரு தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகு அவர் கேட்டார்.

"அவன் யாரு ஜாடை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு?"

"நம்ம பையன்."

"என்னைக் கேக்கறீங்க? நீங்கதானே கையில வாங்கிட்டுப் போனீங்க? நான் படுக்கையிலதானே கிடந்தேன்?"

"அவன் இருந்தப்பவும் நான் உள்ள வரல. அப்புறம் துணி சுத்திக் குடுத்தாங்க. நான் முகத்தைத் திறந்து பாக்கல. பயமா இருந்துச்சு."

அந்தக் கேள்வியை அவர் கேட்க மாட்டாரா என்று நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனோம். அவரை உட்காரவைத்து நானும் எதிரே உட்கார்ந்து, அந்த ஒரு பகலில் நான் பார்த்த முகத்தை நெற்றியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.